நான்கெல்லைக்கு நடுவே

மக்காவைத் துறந்து மதீனா வந்தடைந்த பெருமானார் (ஸல்) அவர்கள் அந்நகரில் செய்த முதற் காரியங்களுள் ஒன்று, ஒரு சிறு துண்டு நிலத்தை விலைக்கு வாங்கியதாகும். அவர்களின் ஒட்டகம் மண்டியிட்ட இடம் அது; பேரீச்சம் பழங்களை உலர்த்தும் களம். சில மரங்களும், இடிந்த சுவர்களும், பழைய புதைகுழிகளும் அங்கே இருந்தன. ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரண்டு அநாதைச் சிறுவர்களுக்கு அது உரியது. அவர்களைப் பராமரித்து வந்தவர் அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி) என்பார் சிலர். முஆத் இப்னு அஃப்ரா (ரலி) என்பார் வேறு சிலர். பள்ளிவாசல் எழுப்ப நிலம் வேண்டும் என்றதும், விலை வேண்டாம், அன்பளிப்பாகவே தருகிறோம் என்று அச்சிறுவர்கள் முன்வந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. விலை கொடுத்தே வாங்கினார்கள். பத்துத் தீனார் விலைக்கு வாங்கியதாகவும், அதனை அபூபக்கர் (ரலி) அவர்கள் செலுத்தியதாகவும் இப்னு சஅத் எழுதி வைத்திருக்கிறார்.

இந்நிகழ்ச்சியை நாம் மஸ்ஜிதுந் நபவியின் வரலாறாகப் படித்துப் பழகியிருக்கிறோம். ஒரு நிலக் கிரயத்தின் வரலாறாகவும் இதைப் படிக்கலாம். அப்படிப் படித்தால் ஒன்று விளங்கும். நிலத்தை விற்க முன்வருபவன் ஒருவன். அந்நிலத்தின்மேல் உரிமை உடையவர் வேறொருவராக இருக்கக்கூடும். அவர் சிறுவராக இருக்கலாம். வேற்றூரில் வாழும் பெண்ணாக இருக்கலாம். வரப்புக்கு அப்பால் நிற்கும் அண்டை நிலத்துக்காரராக இருக்கலாம். விற்பவன், வாங்குபவன் இருவரையன்றி மூன்றாமவராய் நிற்கும் இவர்களை நம் நாட்டுக் கிரய சாசனங்கள் எவ்வாறு கணக்கில் கொண்டன, எப்போது கைவிட்டன என்பதையே இங்கே பார்க்கப் போகிறோம்.

நம் தமிழகத்தில் நில விற்பனைக்கு எழுத்துச் சான்று மிகப் பழமையானது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'விலை ஆவணம்' என்றே அதற்குப் பெயர். 'விற்று விலையாவணம் செய்து கொடுத்தோம்' என்னும் தொடரைக் காணாத கல்வெட்டாராய்ச்சியாளர் இரார். அந்த ஆவணங்களின் உயிர்நிலை எல்லை கூறுதல். கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என நான்கையும் முறையே கூறி, இன்னார் நிலத்துக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு என்று தெளிவாக்கி, 'இவ்விசைத்த பெருநான்கெல்லை அகப்பட்ட நிலம்' என்று முடிப்பர். உள்ளே கிடக்கும் நிலம் சற்று மிகுந்தாலும் குறைந்தாலும் அதுவும் விற்பனையில் அடக்கம் என்பதற்கு 'மிகுதிக் குறைமை உள்ளடங்க' என்றொரு சொற்றொடர். அளந்த கணக்கைவிட எல்லையே வலிது என்பது அக்காலத்தோர் கொள்கை. இன்றைய நீதிமன்றங்களும், பத்திரத்தில் கண்ட அளவும் எல்லையும் முரண்படுமாயின், பொதுவாக எல்லைக்கே முதலிடம் தருகின்றன. அளவுகோல் ஊருக்கு ஊர் வேறுபட்ட காலம் அது. பதினாறு சாண் கோல் ஓரிடம், வேறொரு கோல் வேறிடம். சில கோயில்களின் சுவரில் அளவுகோலின் நீளத்தையே கோடாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். கோல் மாறும், பக்கத்து நிலத்துக்காரன் மாறான் என்று எண்ணியிருக்க வேண்டும்.

எல்லை குறிக்கும் சடங்கும் பலரறிய நிகழ்ந்தது. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராசராசன் வழங்கிய செய்தி, லெய்டன் செப்பேடு என அறியப்படும் ஆவணத்தில் உள்ளது. அங்கே எல்லை வகுப்பதற்காகப் பெண் யானையை நடத்தினார்கள்; கல்லும் கள்ளியும் நாட்டினார்கள். அது தானம், விற்பனையன்று என்பது உண்மையே. ஒரு குழி நிலம் விற்பவனுக்கு யானை ஏது? ஆயினும் நாலு பேர் பார்க்க எல்லை நடப்பது பெரிய தானத்துக்கும் சிறிய விலைக்கும் பொதுவான வழக்கமாய் இருந்தது. 'உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த' இடம் எல்லாம் அடக்கம் என்று எழுதும்போது, அந்த உடும்பையும் ஆமையையும் பார்த்தவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள்.

ஆவணத்தின் கீழே கையெழுத்திட்டோர் 'இவை என் எழுத்து' என்றும், சாட்சிகள் 'இப்படி அறிவேன்' என்றும் எழுதினர். எழுத்தறியாதவன் ஒரு குறி இடுவான்; அதற்குத் 'தற்குறி' என்று பெயர். அந்தக் குறி இன்னாருடையது என்று எழுத்தறிந்த இன்னொருவன் உறுதி கூறுவான். ஒரு காலத்தில் சொத்துடையவனின் கையொப்பமாய் இருந்த சொல் இன்று வசைச் சொல்லாகிவிட்டது! பெண்கள் நிலம் விற்கையில், குறிப்பாகப் பிராமணப் பெண்கள் விற்கையில், 'முதுகண்' எனப்படும் ஆண் காப்பாளர் ஒருவர் உடன் நின்றதையும் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இஸ்லாமிய ஷரீஅத்தில் வயது வந்த பெண் தன் நிலத்தைத் தானே விற்கலாம். கணவனோ தமையனோ கையெழுத்திட வேண்டியதில்லை. இதைச் சொல்லிப் பெருமைப்படுவதற்கு நமக்கு எவ்வளவு தகுதி உண்டு என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

முதலாம் பராந்தகன் ஆட்சியில் தமிழ்நாட்டுச் சபைகள் இவ்வாறு எல்லை கூறிக் கல்லில் வெட்டிக்கொண்டிருந்த காலத்தை ஒட்டியே, எகிப்தில் ஹனபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் தஹாவி வாழ்ந்தார். கி.பி. 933-இல் அவர் காலமானார். பத்திரம் எழுதும் முறைக்கென்றே, 'ஷுரூத்' எனப்படும் துறையில் அவர் பெருநூல் செய்தார். அதிலும் நான்கெல்லை உண்டு. எல்லையை எந்தச் சொல்லால் குறிப்பது என்பதையே அத்துறை அறிஞர்கள் நுணுகி ஆராய்ந்தார்கள். 'இந்த எல்லை இன்னார் வீடு வரை' என்று எழுதினால் எல்லையாய் நிற்கும் பொருளும் விற்பனையில் அடங்கியதாகப் பொருள் கொள்ள இடமுண்டாகிவிடுமோ என்பது அவர்கள் கவலை. கடல் கடந்த இரு நாடுகளில், ஒருவரை ஒருவர் அறியாத எழுத்தர்கள், ஒரே அச்சத்துக்கு ஒரே மருந்தைத் தேடியிருக்கிறார்கள். திருமறையின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது (2:282). வணிகம் செய்யுங்கால் சாட்சி வைத்துக்கொள்ளவும், எழுத்தருக்கும் சாட்சிக்கும் இடர் விளையாதிருக்கவும் அது பணிக்கிறது. தொழுகையைப் பற்றிய வசனம் எதற்கும் அவ்வளவு நீளம் இல்லை என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பிற்காலத்துத் தமிழ்ப் பத்திரங்களில் நிலத்தோடு சேர்ந்து விற்கப்படும் பொருள்களின் பட்டியல் ஒன்று வரும். நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று அது தொடரும். மேல் நோக்கிய மரமும் கீழ் நோக்கிய கிணறும் என்று பழைய கல்வெட்டுகள் கூறியதன் வடமொழி விரிவு அது. நிதி, நிக்ஷேபம் என்றால் புதையல். இதைப் படிக்குந்தோறும் புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஒரு ஹதீஸ் என் நினைவுக்கு வரும். முற்காலத்தில் ஒருவர் இன்னொருவரிடம் நிலம் வாங்கினார். மண்ணில் ஒரு குடம் பொன் கிடைத்தது. நான் நிலத்தைத்தான் வாங்கினேன், பொன்னை வாங்கவில்லை என்று விற்றவரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். நிலத்தையும் அதில் உள்ளவற்றையும் சேர்த்தே விற்றேன் என்று விற்றவர் மறுத்தார். வழக்குத் தீர்க்க வந்தவர், ஒருவர் மகனுக்கு மற்றவர் மகளை மணமுடித்து அந்தப் பொன்னை அவர்களுக்குச் செலவிடச் சொன்னார். நம்மூர்ப் பத்திர எழுத்தரிடம் அவர்கள் போயிருந்தால், 'நிதி நிக்ஷேபம் உட்பட' என்று ஒரு வரியில் வழக்கு முடிந்திருக்கும், திருமணம் நடந்திராது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்குப் பிறகோ, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்கு அறிவித்தாக வேண்டும். பத்திரத்தில் மட்டும் நிக்ஷேபம் நெடுங்காலம் நிலைத்திருந்தது.

சொற்களின் வரலாறு தனியே எழுதத் தக்கது. இங்கே சிறிது சொல்லிச் செல்கிறேன். நில விவகாரம் பேசும் தமிழ் உழவர், தாம் அரபியும் பாரசீகமும் பேசுகிறோம் என்று அறியார். அசல், நகல், வாரிசு, பாக்கி, வசூல், மகசூல், இனாம், ஜாமீன், ஜப்தி, ராஜி, ரத்து, தாவா, ஆஜர், தாலுகா, ஜில்லா இவையெல்லாம் அவ்வழி வந்தவை. 'இன்னார் வகையறா' என்னும் வகையறா, அரபியின் 'வ ஃகைரஹு'. திரும்பத் திரும்பக் கூறுதல் என்று பொருள்படும் 'தக்ரார்' நம்மிடம் தகராறு ஆயிற்று. எத்தனை எல்லைச் சண்டைகளைப் பார்த்துத் தமிழன் அந்தப் பொருளைக் கண்டுபிடித்தானோ! கிராமக் கணக்கில் இன்றும் எழுதப்படும் பசலி ஆண்டு முகலாயர் வழி வந்தது. அதனோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். நான்கெல்லை விவரத்துக்குப் பத்திரத்தில் வரும் 'செக்குபந்தி'யும் பாரசீகமே. நவாபுகளும் மராட்டியரும் போனார்கள். சொற்கள் கணக்குப் பிள்ளையின் சுவடியில் தங்கிவிட்டன.

இனி அண்டை நிலத்துக்காரனிடம் வருவோம். சோழர் ஆவணத்திலும் தஹாவியின் நூலிலும் அவன் எல்லையாக நிற்கிறான். இஸ்லாமியச் சட்டம் அவனுக்கு அதற்கு மேலும் ஒன்றைக் கொடுத்தது. அதுதான் 'ஷுஃப்ஆ' எனப்படும் முன்வாங்கும் உரிமை. அசையாச் சொத்து அயலான் ஒருவனுக்கு விற்கப்பட்டால், அதே விலையைக் கொடுத்து அதைத் தான் எடுத்துக்கொள்ளும் உரிமை இது. ஒரு காசு குறைத்துக் கேட்க முடியாது. பெருமானாரின் விடுதலை பெற்ற அடிமையான அபூ ராஃபிஉ (ரலி) அவர்கள், சஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வளாகத்திலிருந்த தம் இரு அறைகளை அவருக்கே நாலாயிரம் திர்ஹத்துக்கு, அதுவும் தவணையில், கொடுத்தார்கள். வெளியார் ஐந்நூறு தீனார் தர முன்வந்திருந்தும் அவ்வாறு செய்தார்கள். அண்மையில் இருப்பவனுக்கே முதல் உரிமை என்று பெருமானார் (ஸல்) கூறக் கேட்டிராவிட்டால் கொடுத்திருக்க மாட்டேன் என்றும் வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்த ஒளிவில்லாத வருத்தமே இந்த ஹதீஸின் அழகு.

ஷுஃப்ஆ யாருக்கு என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஹனபிகள் மூவருக்கு வரிசைப்படி கொடுத்தார்கள்: முதலில் கூட்டுப் பங்காளி, அடுத்து வழியிலும் நீரிலும் பங்குள்ளவன், கடைசியில் எல்லை தொட்ட அண்டைக்காரன். ஷாபிஈ மத்ஹபில் பிரிக்கப்படாத சொத்தின் பங்காளிக்கு மட்டுமே அந்த உரிமை. எல்லை பிரித்து வழி வேறாக்கியபின் அண்டைக்காரனுக்கு ஏதுமில்லை. காயலிலும் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் உள்ள ஷாபிஈகளுக்கு ஒரு நியதி, உள்நாட்டு ஹனபிகளுக்கு மற்றொரு நியதி என்பது இதனால் பெறப்படும். இதில் என் மனத்தைக் கவர்வது ஹனபிகளின் இரண்டாம் வகையினன். கிராமத்தில் சிறு நிலம் வாங்குவோனுக்கு உண்மையான இடர் அங்கேதான் இருக்கிறது. நான்கு புறமும் பிறர் நிலம் சூழ்ந்த பத்து சென்ட் நிலத்துக்கு மாடு போக வழி எது, வாய்க்காலில் முறை எது என்பதைப் பத்திரம் பெரும்பாலும் சொல்வதில்லை. 'மாமூல் வழி நடை பாத்தியம்' என்று ஒரு வரி இருக்கும். அந்த மாமூல் எது என்பதை அண்டை நிலத்துக்காரனே அறிவான்.

இந்த உரிமையை ஏமாற்றவும் மனிதர் வழி கண்டார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அண்டைக்காரனின் எல்லையை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு நீண்ட கீற்று ஒன்றை விட்டுவிட்டு மீதியை விற்றால், வாங்கியவன் அவனுக்கு அண்டை ஆகமாட்டான், ஷுஃப்ஆவும் எழாது. ஹனபி நூல்கள் இந்தத் தந்திரத்தைச் சட்டப்படி செல்லும் என்றே குறித்துள்ளன. இமாம் புகாரி தம் தொகுப்பில் தந்திரங்களுக்கென ஓர் அத்தியாயம் வகுத்து இத்தகையவற்றைக் கண்டித்தார்.

ஆங்கில ஆட்சியில் 1864 ஒரு திருப்புமுனை. அதற்கு முன் காஜிகளுக்கு நில விவகாரத்தில் ஓர் இடம் இருந்தது. நிக்காஹ் நடத்துவதோடு, சொத்து மாற்றப் பத்திரங்களை எழுதுவதும் அவற்றுக்குச் சான்றளிப்பதும் அவர்கள் கடமைகளுள் அடங்கும் என்று கம்பெனி காலத்து ஒழுங்குமுறைகளே கூறின. 1864-இன் 11-ஆவது சட்டம் அரசு காஜிகளை நியமிக்கும் முறையை நீக்கியது. அதே ஆண்டின் 16-ஆவது சட்டம் பத்திரப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. பின்னர் 1880-இல் காஜிகள் சட்டம் வந்தபோதும், நிக்காஹ் போன்ற சடங்குகளுக்கே அவர்கள் திரும்பினார்கள், நிலத்துக்குத் திரும்பவில்லை. ஒரே ஆண்டில் ஒரு கதவு மூட, மற்றொரு கதவு திறந்தது. இதை நினைத்துக் கண்ணீர் வடிப்பவன் அல்லன் நான். காஜிப் பதவி பரம்பரைச் சொத்தாகிப் போயிருந்த இடங்கள் உண்டு. முன்தேதியிட்டு எழுதிய ஓலைகளும், ஒரே நிலத்தை இருவருக்கு விற்ற மோசடிகளும் நாடெங்கும் மலிந்திருந்தன. மூல ஓலை எது, படி ஓலை எது என்று சபையில் வழக்காடிய காட்சியைச் சேக்கிழார் திருவெண்ணெய்நல்லூரில் வைத்துப் பாடியிருக்கிறார் என்றால், ஓலை மோசடி பற்றிய அச்சம் எவ்வளவு பழமையானது! பதிவு முறை அந்த அச்சத்துக்கு நல்ல மருந்தாயிற்று. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் விற்பனை பதிவு செய்த பத்திரத்தால் மட்டுமே ஆகும் என்றது.

ஆனால் அண்டைக்காரன் வெளியே நிறுத்தப்பட்டான். 1870-இல் சென்னை உயர் நீதிமன்றம், முஸ்லிம்களின் ஷுஃப்ஆ உரிமை சென்னை மாகாணத்தில் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சொத்தை விரும்பியவனுக்கு விற்கும் சுதந்திரத்துக்கு அது தடை என்பது அதன் கருத்து. வடக்கே அலகாபாத்தில் காட்சி வேறு. சர் சையிது அகமது கானின் மைந்தரான நீதிபதி சையிது மஹ்மூது, 1885-இல் வெளியான புகழ்பெற்ற தீர்ப்பில், ஷுஃப்ஆ என்பது விற்பவன் வாங்குபவன் ஒப்பந்தத்தைச் சார்ந்ததன்று, நிலத்தோடு ஒட்டிய உரிமை என்று அரபு மூலங்களை ஆதாரம் காட்டி நிறுவினார். ஒரே மார்க்கச் சட்டம் கங்கைக் கரையில் உயிரோடு இருந்தது. காவிரிக் கரையில் இல்லை. 1962-இல் உச்ச நீதிமன்றம், அண்டைக்காரன் என்னும் ஒரே காரணத்தால் வரும் ஷுஃப்ஆ அரசியலமைப்புக்கு முரண் என்றது. கூட்டுப் பங்காளியின் உரிமையை ஏற்றது. ஷாபிஈ இமாமின் முடிவுக்கு ஏறத்தாழ அந்நீதிமன்றம் வந்து சேர்ந்ததைக் கண்டு நான் வியந்ததுண்டு. சாதியும் மதமும் பார்த்து அயலானை ஊருக்குள் விடாதிருக்க இவ்வுரிமை பயன்படலாகாது என்று அந்நீதிபதிகள் கருதியதை நான் தவறென்று சொல்லமாட்டேன்.

பதிவு அலுவலகம் எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதை நிலம் வாங்குவோர் பலர் இன்றும் அறிந்திலர். பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் இவர்தாம் என்பதற்கு நிழற்படமும் கைரேகையும் சாட்சியும் பெறுகிறது. தேதியை உறுதி செய்கிறது. ஆவணத்தின் படியைக் காக்கிறது. விற்பவனுக்கு அந்த நிலம் சொந்தமா என்ற கேள்விக்கு அது விடை கூறுவதில்லை. முந்திய மூலப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்று தமிழ்நாட்டில் ஒரு விதி செய்தார்கள். 2025-இல் உச்ச நீதிமன்றம் அவ்விதி செல்லாது என்றது. உரிமையை விசாரிக்கும் அதிகாரத்தை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சார்பதிவாளருக்குக் கொடுக்கவில்லை என்பது அது கூறிய காரணம். வில்லங்கச் சான்றும் பதிவானவற்றை மட்டுமே காட்டும். முஸ்லிம் சொத்தில் இதனால் வரும் ஆபத்து பெரிது. ஷரீஅத் முறைப்படி வாய்மொழியாகச் செய்து, ஏற்று, நிலத்தை ஒப்படைத்த ஹிபா, பதிவில்லாமலேயே செல்லும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு அதற்கு விலக்களித்திருக்கிறது. தந்தை தம் மகளுக்கு ஹிபாவாகக் கொடுத்த தென்னந்தோப்பு, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிலும் தந்தை பெயரிலேயே இருக்கலாம். அது மகளுடையது என்பதை அறிந்தவர் அண்டைத் தோப்புக்காரரும், தேங்காய் பறிப்பவரும், ஊர்க் கணக்கரும்தாம். அந்தக் கணக்கரும் இன்றில்லை. பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை 1980-இல் தமிழக அரசு ஒழித்தது. அவர்களுள் கொடியவர் பலர் என்பதால் அதற்காக யாரும் பெரிதாக வருந்தவில்லை. கொடியவரானாலும் இந்த வயல் எவர் கையிலிருந்து எவர் கைக்குப் போயிற்று என்பது அவர்கள் நாவில் இருந்தது.

அண்டைக்காரனைவிட முக்கியமானவர் பங்காளி. அவரை இன்னும் பேசவில்லை. ஒருவர் 96 சென்ட் நிலத்தை விட்டு இறக்கிறார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 12 சென்ட். எஞ்சிய 84-இல் மகனுக்கு 42. மகள்கள் ஒவ்வொருவருக்கும் 21. தந்தை கண் மூடிய கணத்திலேயே இப்பங்குகள் அவரவருக்குச் சேர்ந்துவிடுகின்றன. பட்டா மகன் பெயருக்கு மாறலாம்; வரி அவன் கட்டலாம்; உழுவதும் அவனாக இருக்கலாம். ஆனாலும் அவன் 96 சென்ட்டையும் விற்றால், பாதிக்கும் மேலான நிலம் அவனுடையதன்று. வாங்கியவனுக்கு அவன் பங்கான 42 சென்ட் மட்டுமே சட்டப்படி சேரும். அதுவும் எந்தப் பக்கத்து 42 என்று பாகம் பிரிக்கும்வரை தெரியாது.

இதற்கும் ஒரு சட்ட வரலாறு உண்டு. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் வந்தபோது விவசாய நிலத்தை அதிலிருந்து விலக்கி வைத்தார்கள். முஸ்லிம்களின் சொத்தில் பெரும்பகுதி எதுவோ அதை விட்டுவிட்டு எஞ்சியதற்குச் சட்டம் செய்தது போலாயிற்று. சென்னை மாகாணம் 1949-இல் திருத்தம் செய்து அந்த விலக்கை நீக்கியது. ஆகவே, இங்கே ஊர் வழக்கத்தைக் காட்டி மகளின் நிலப் பங்கை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. வீட்டில் இடம் இருக்கிறது. நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, மருமகனுக்குப் பணமும் கொடுத்தாயிற்று, இனி நிலத்தில் என்ன பங்கு என்று கேட்கும் தமையன்மார், ஐவேளைத் தொழுகையில் முதல் வரிசையில் நிற்பவர்களாகவும் இருக்கிறார்கள். முதுகண் இல்லாமல் விற்கும் உரிமையை ஷரீஅத் பெண்ணுக்குத் தந்தது. விற்பதற்கு நிலத்தை நாம் அவள் கையில் தரவில்லை.

மகள் சிறுமியாயிருந்தால் நிலைமை இன்னும் கடுமை. தந்தை இறந்தபின் தாய் பிள்ளைகளை வளர்க்கிறாள். செலவுக்கு நிலத்தை விற்கிறாள். தன் பொருட்டும் தன் மைனர் மக்கள் பொருட்டும் என்று பத்திரம் எழுதுகிறாள். முஸ்லிம் சட்டத்தில் தாய் பிள்ளைகளை வளர்க்கும் உரிமை உடையவள். அவர்களின் அசையாச் சொத்தை விற்கும் அதிகாரம் இயல்பாக அவளுக்கு இல்லை. அத்தகைய விற்பனை மைனரைக் கட்டுப்படுத்தாது என்று பிரிவி கவுன்ஸில் 1918-இல் திட்டமாகக் கூறிவிட்டது. நீதிமன்ற அனுமதி பெறாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியவர்கள், விலை முழுதும் கொடுத்தவர்கள், பிள்ளை பெரியவனான பின் நிலத்தை இழந்திருக்கிறார்கள். ஏழைத் தாய் ஒருத்தியை இச்சட்டம் முடக்கிப் போடுகிறது என்ற குறையும் உண்மையே. எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. ஸஹ்லும் ஸுஹைலும் தர முன்வந்த களம் அன்பளிப்பாக ஏற்கப்படாமல் விலை கொடுக்கப்பட்டதை எண்ணினால், சட்டம் எங்கிருந்து புறப்பட்டது என்பது மட்டும் தெரிகிறது.

இன்று கிராமத்தில் நிலம் வாங்குவோர் முன்னைவிட எச்சரிக்கையாகிவிட்டார்கள். வங்கிக் கடன் வாங்குவோருக்கு வழக்கறிஞரின் கருத்துரை தேவைப்படுகிறது. வழக்கறிஞர் வாரிசுச் சான்றைக் கேட்கிறார். அதில் மகள்களின் பெயர்கள் இருக்கின்றன. அவர்கள் கையெழுத்திடாவிட்டால் பணம் இல்லை என்று வாங்குபவர் சொல்லிவிடுகிறார். அப்போதுதான் தமையன் தங்கைக்குத் தொலைபேசியில் ஆள் அனுப்புகிறேன் என்கிறான். சார்பதிவாளர் அலுவலகத் திண்ணையில் புர்கா அணிந்த ஐம்பது வயதுப் பெண்கள் இருவர் மூவர் அமர்ந்திருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். வேற்றூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவர்கள். பத்திர எழுத்தர் கணினியிலிருந்து எடுத்த தாள்களைப் புரட்டி, சொத்து விவரத்தை வழக்கமான ஒரே மூச்சில் வாசிக்கிறார்: வடக்கே இன்னார் நிலம், கிழக்கே வாய்க்கால், தெற்கே இன்னார் தோப்பு, மேற்கே வண்டிப் பாதை. 'இந்நான்கெல்லைக்குட்பட்ட' என்னும் இடம் வந்ததும் ஒரு பெண் கையை நீட்டி அவரை நிறுத்தி, இதில் எனக்கு எத்தனை சென்ட் என்று கேட்கிறாள். எழுத்தர் தமையனைப் பார்க்கிறார். தமையன் வாசற்பக்கம் பார்க்கிறான். வாங்க வந்தவர்தாம் கைக்கணினியை எடுத்து, எட்டில் ஒன்றைக் கழித்துவிட்டு, மீதியை வகுத்துச் சொல்கிறார்.